கன்டெய்னர் இமேஜ்: கட்டளை வரி நிர்வாகம்

ஒரு மென்பொருளையும், அது இயங்குவதற்கு அவசியமான லைப்ரரிகளையும், அமைப்புக் கோப்புகளையும் ஒன்றுசேர்த்து, எந்த லினக்ஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனாலும் ஒரே விதமாக இயங்கும்படி கட்டிவைத்த தொகுதியே கன்டெய்னர் இமேஜ் எனப்படும். அதை வரவழைத்தல், பரிசோதித்தல், அனுப்புதல், நீக்குதல் ஆகிய காரியங்களை டெர்மினலில் கட்டளைகளைத் தட்டியே நிறைவேற்றும் முறையின் வேர்கள் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த பழமையுடையவை.

1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தோன்றிய 'சிஎச்ரூட்' என்னும் வசதி, ஒரு புரோகிராமின் பார்வையைக் குறிப்பிட்ட ஓர் அடைவுக்குள் அடக்கிவைத்தது. 2008-இல் லினக்ஸ் கெர்னலில், புரோகிராம்கள் எடுத்துக்கொள்ளும் வளங்களுக்கு வரம்பிடும் 'சிகுரூப்' சேர்ந்தது. அதன் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதியைப் பெங்களூர் ஐ.பி.எம். ஆய்வகத்திலிருந்து பல்பீர் சிங் முன்நின்று எழுதினார் என்பதை நம்மவர் மறக்கலாகாது. ஆயினும், தனிமைப்படுத்தும் வித்தை கைகூடியிருந்ததே தவிர, மென்பொருளைக் கட்டி ஊருக்கு ஊர் அனுப்பும் உபாயம் அப்போது பிரபலமாகவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது, 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் உலகுக்கு அறிமுகப்படுத்திய டாக்கர். அவர் பிரான்ஸ் தேசத்திலே வளர்ந்து கல்வி பயின்றவர். திருவேட்டக்குடியிலுள்ள புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் ஒருவர் ஓர் இமேஜை வரவழைக்க 'டாக்கர் புல்' என்று கட்டளையிட்டால், அடுக்கடுக்காக அமைந்த அந்த இமேஜின் ஒவ்வோர் அடுக்கும் பன்னிரண்டு எழுத்து அடையாளத்துடன் தனித்தனி வரியாகத் திரையில் இறங்குவதையும், முன்பே தம் கம்ப்யூட்டரில் உள்ள அடுக்குக்கு நேரே 'ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்' என்று தோன்றுவதையும் காண்பார். பத்து இமேஜ்களுக்கு அடித்தளம் ஒன்றேயானால், அது ஒரு முறை மட்டுமே இறங்கி, வட்டில் ஒரு முறை மட்டுமே இடம் பிடிக்கும்.

அவ்வரிகளின் முடிவில் வருகிற 'டைஜஸ்ட்' என்பதே, என் கருத்தில், இந்த முறையின் உயிர்நாடி. இமேஜுக்கு நாம் சூட்டும் 'டேக்' நிலையானதன்று. 'லேட்டஸ்ட்' என்ற டேக் இன்று ஓர் இமேஜையும் நாளை வேறோர் இமேஜையும் சுட்டலாம், புதியதைத்தான் சுட்டும் என்ற நிச்சயமும் இல்லை. டைஜஸ்டோ உள்ளடக்கத்திலிருந்தே எஸ்எச்ஏ-256 கணிதத்தால் பிறப்பதாகையால், ஒரு பைட் மாறினாலும் அதுவும் மாறிவிடும். உள்ளடக்கத்தாலேயே இமேஜை அடையாளங்காணும் ஏற்பாடு 2016 பிப்ரவரியில் வந்த டாக்கர் 1.10 பதிப்பில் நிலைபெற்றது. பழைய டேக்கிலேயே புதிய இமேஜைக் கட்டும்போது முந்தையது பெயரிழந்து 'நன்' என்று பட்டியலில் கிடந்து வட்டை நிரப்பும். அவற்றை ஒருங்கே அகற்ற 'டாக்கர் இமேஜ் புரூன்' என்ற கட்டளை 2017 ஜனவரியில் கிடைத்தது.

2015 ஜூனில் அமைந்த ஓசிஐ என்ற பொது அமைப்பு, 2017 ஜூலையில் இமேஜ் வடிவத்துக்கு முதல் தரநிலையை வெளியிட்டது. அதன் பயனாக, இமேஜ் நிர்வாகம் ஒரே கருவியின் உடைமையாக இருந்த நிலை மாறிற்று. டாக்கரின் பின்னணிச் சேவை இயல்பில் ரூட் அதிகாரத்துடன் இயங்குவது. ரெட் ஹாட் நிறுவனத்தார் உருவாக்கிய பாட்மேன், பில்டா, ஸ்கோப்பியோ ஆகியவை அத்தகைய சேவையே இல்லாமல் வேலை செய்பவை. 'ஸ்கோப்பியோ இன்ஸ்பெக்ட்' அடுக்குகளை இறக்காமலே இமேஜின் விவரங்களைக் காட்டுவது, மெதுவான இணைப்புள்ள ஊர்களுக்குப் பெரும் அநுகூலம். திருச்சிராப்பள்ளியில் 2022-இல் தொடங்கப்பெற்ற 'பரம் பொருள்' போலப் பலர் பகிர்ந்துகொள்ளும் சூப்பர் கம்ப்யூட்டர்களை உத்தேசித்துப் பிறந்த சிங்குலாரிட்டி என்னும் கன்டெய்னர் கருவி, 2021 முதல் ஆப்டெய்னர் என்ற பெயரில் வழங்குகிறது.

2020 நவம்பரில், இமேஜ்களைச் சேமித்து வழங்கும் ரெஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப், கணக்கில்லாமல் வருவோர்க்கு ஓர் ஐபி முகவரிக்கு ஆறு மணி நேரத்தில் 100 இறக்கம் என்று வரம்பிட்டது. ஒரே முகவரியின் பின்னே நூற்றுக்கணக்கான மாணவர்கள் அமரும் கல்லூரிகளை இத்தகைய வரம்பு எளிதில் முடக்கிவிடும். ஆகவே, கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தம் வளாகத்திலேயே ஒரு ரெஜிஸ்ட்ரியை நிறுவி, வேண்டிய இமேஜ்களை 'ஸ்கோப்பியோ காப்பி' மூலம் அதில் சேர்த்து, டைஜஸ்டுகளைப் பாடக் குறிப்பிலேயே எழுதிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.