கைபேசிக் கடை விளையாட்டுகள் வந்த வழி

கடை நடத்தும் விளையாட்டுகளின் தொடக்கம் ஒரு பள்ளிப் பாடம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலப் பள்ளிகளில் கணினியைப் பழக்க அமைந்த கல்விக் கூட்டமைப்புக்காக, பாப் ஜேமிசன் 1973இல் 'லெமனேட் ஸ்டாண்ட்' விளையாட்டை எழுதினார். 1979இல் சார்லி கெல்னர் அதை ஆப்பிள் 2 கணினிக்கு ஏற்றபடி மாற்றினார்.

கையில் 2 டாலர் முதலுடன் ஆட்டம் தொடங்கும். அன்றைய வானிலையைப் பார்த்து, எத்தனை குவளை எலுமிச்சைச் சாறு போடுவது, 15 சென்ட் விலையில் எத்தனை விளம்பரப் பலகை வைப்பது, குவளையை என்ன விலைக்கு விற்பது என்று மூன்றே முடிவுகள். முதல் இரண்டு நாள் குவளைக்கு அடக்கம் 2 சென்ட். மூன்றாம் நாள் அம்மா சர்க்கரையை இலவசமாகத் தருவதை நிறுத்திவிடுவார். அடக்கம் 4 சென்ட் ஆகிவிடும். இடிமழை வந்தால் போட்ட சரக்கு மொத்தமும் வீண். சின்ன ஆட்டம்தான். ஆனாலும் அடக்கவிலை, விற்பனை விலை, எதிர்பாராத நட்டம் என்று வியாபாரத்தின் அடிப்படை முழுவதும் அதில் இருந்தது. தோற்றவருக்குத் தன் கணக்கு எங்கே பிசகியது என்பதும் தெரிந்தது.

2004இல் வந்த 'டைனர் டேஷ்' கணக்கை ஒதுக்கி, வாடிக்கையாளர் பொறுமை இழக்குமுன் பரிமாறும் வேகத்தை முன்னே வைத்தது. கணக்கின் சுவையைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது ஜப்பானின் கைரோசாஃப்ட். அதன் 'கேம் டெவ் ஸ்டோரி' 2010இல் ஆங்கிலத்தில் கைபேசிக்கு வந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் போதும். பிறகு வெற்றியும் தோல்வியும் ஆடுபவரின் முடிவைப் பொறுத்தவை.

அதற்குள் வணிகமுறையே மாறத் தொடங்கியிருந்தது. இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்க ஆப்பிள் 2009 அக்டோபரில் அனுமதித்தது. 2011இல் நிம்பிள்பிட் வெளியிட்ட 'டைனி டவர்' ஒரு கோபுரத்தில் மாடிக்கு மாடி கடை வைக்கும் ஆட்டம். சரக்கு வந்து சேர உண்மையான நேரம் பிடிக்கும். 'பக்ஸ்' என்ற ஆட்டப் பணத்தைச் செலவழித்தால் காத்திருப்பு குறையும். பக்ஸ் ஆட்டத்திலேயே கிடைக்கும், காசு கொடுத்தும் வாங்கலாம். பணம் செலுத்தாமலே நெடுநாள் ஆட முடிந்ததால் இதைப் பலர் ஏற்றுக்கொண்டனர். ஆப்பிளும் அதையே அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் விளையாட்டாகத் தேர்ந்தெடுத்தது.

பின்னால் வந்தவற்றில் பல அந்த அளவைக் காக்கவில்லை. காத்திருப்பு நீண்டது, இடையிடையே விளம்பரம் புகுந்தது. சிறு கடை பெரிதாவதைப் பார்க்கும் நிறைவு, வேலைக்கு நடுவே சில நிமிடம் ஆட முடிவது ஆகியவற்றுக்காகவே ஆடுவோர் இவற்றை இன்றும் புகழ்கிறார்கள். திறமைக்குப் பதில் பணம் வேலை செய்யத் தொடங்கும் இடத்தில் அந்தப் புகழ் கசப்பாகிறது. அந்தக் கசப்பு நியாயமானது: முடிவெடுக்க ஒன்றும் இல்லாத கடையில் ஆடுபவர் முதலாளி அல்ல, வாடிக்கையாளர்.

2014இல் இந்தக் குறை அதிகாரிகள் வரை போனது. பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் செயலிகளுக்குள் வாங்கியதற்காக, குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 'டஞ்சன் கீப்பர்' கைபேசி ஆட்டத்தை 'இலவசம்' என்று விளம்பரம் செய்தது தவறான எண்ணத்தைத் தருவதாகப் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஆப்பிள் தன் செயலிக் கடையின் பொத்தானில் 'இலவசம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது.

2024இல் நோக்டா கேம்ஸ் கணினிக்கு வெளியிட்ட 'சூப்பர்மார்க்கெட் சிமுலேட்டர்', விலைகொடுத்து வாங்கும் ஆட்டம். அலமாரியில் சரக்கு அடுக்குவது, பொருளுக்கு விலை வைப்பது, கல்லாவில் சில்லறை எண்ணித் தருவது எல்லாம் ஆடுபவரின் வேலை. அதைப் பின்பற்றிப் பல இலவச ஆட்டங்கள் கைபேசிக்கு வந்தன. விளம்பரங்களும் கூடவே வந்தன.