யார் மேல தப்பு?

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி பக்கத்து ஊர்களில் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் போஸ்டரில் ‘எல்கைப் பந்தயம்’ என்றுதான் இருக்கும். எல்லைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சில் எல்கை. தார்ச்சாலையில் புறப்பட்டு, சில மைல் தள்ளி நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். மாட்டின் உருவத்தையும் வயதையும் பொறுத்துப் பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிவுகள். வண்டியில் ஒரு சாரதி, கூடவே இறங்கி ஓடி மாட்டை விரட்ட ஒரு துணைச்சாரதி. பின்னால் ஊர்ப்பட்ட பைக்குகள். மாட்டைவிட இந்த பைக்குகளுக்குத்தான் போலீஸ் அதிகம் பயப்படும்.

இதில் கவனிக்க வேண்டியது, எல்லா வண்டியும் ஒன்றாகப் புறப்படுகிறது. ரோடு, எதிரெதிரே வரும் இரண்டு பஸ்கள் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் அகலம். முந்த வேண்டியவன் முன்னால் போகிறவனின் பக்கவாட்டில் புகுந்தாக வேண்டும். அவன் சும்மா விடுவானா? சக்கரத்தோடு சக்கரம் உரசும். உரசியதும் வரும் கேள்வி ஒன்றுதான்: யார் மேல தப்பு?

கொங்கு நாட்டு ரேக்ளாவில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர் தடம். ஒவ்வொரு வண்டியாக ஓடும், கடிகாரம் கணக்கெடுக்கும். இடிப்பதற்குப் பக்கத்தில் ஆளே இல்லை. நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் எனக்கு எல்கைதான் பந்தயம். பக்கத்தில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு வருவது தெரியாமல் ஓடுவதை எப்படிப் பந்தயம் என்று சொல்வது?

எல்கையில் ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறேன். விழாக் கமிட்டி சொல்லும் விதிகள் கொஞ்சம். மிச்சம் மைக்செட்டிலிருந்து வருகிறது. எந்த ஊர், யார் மாடு என்று மைக்கில் கூவிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த மாதம் அடுத்த ஊரில் அதே ஆட்கள்தான் மறுபடி நிற்கப் போகிறார்கள். குறுக்கே வெட்டினவன் பெயர் அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தென் மாவட்டங்களில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சொன்னால் பல நேரம் சாதியும் தெரிந்துவிடும். இரண்டு சக்கரம் உரசியது இரண்டு தெருக்களின் விவகாரமாக மாற அதிக நேரம் ஆகாது. அதனால் ‘யார் மேல தப்பு’ என்பதை இங்கே யாரும் லேசாகக் கேட்டுவிட முடியாது.

என் வயதுக்காரர்கள் கம்ப்யூட்டரில் ரேஸ் ஓட்டக் கற்றதற்கும் இந்த ஒழுங்குக்கும் சம்பந்தமே கிடையாது. நாங்கள் கற்றது ரோட் ரேஷில். 1991-இல் சேகாவுக்கு வந்து, 1996-இல் பிசிக்கு வந்த கேம். 2000-களின் தொடக்கத்தில் சிவகாசியில் எந்த பிரௌசிங் சென்டருக்குப் போனாலும் டெஸ்க்டாப்பில் அது இருக்கும். பைக்கில் போய்க்கொண்டே பக்கத்தில் வருபவனை உதைக்க வேண்டும், சங்கிலியைப் பிடுங்கி அவனையே அடிக்க வேண்டும். உதைப்பது அங்கே தப்பு இல்லை, அதுதான் ஆட்டம். பிறகு 2005-இல் நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட் வந்தது. அதில் போலீஸ் காரை இடித்துத் தள்ளினால் பாயிண்ட். நாங்கள் இடித்தவர்கள் எல்லாம் புரோகிராம்கள் என்பதால் எவருக்கும் வலிக்கவில்லை.

பிராட்பேண்ட் வந்து, பக்கத்து காரில் நிஜ ஆள் உட்கார்ந்த பிறகுதான் சிக்கல். யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று திறந்துவிட்ட ஆன்லைன் ரேஸின் முதல் வளைவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருபது கார்கள் ஒரே வளைவுக்குள் பாயும். பின்னால் வருகிற பாதிப் பேருக்கு முன்னால் போகும் கார்தான் பிரேக். ஒரு மணி நேரம் தனியாகப் பயிற்சி எடுத்து, எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே கியர் மாற்றுவது என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்தவனின் ரேஸ் பத்து விநாடியில் முடிந்துவிடும். அவன் இரண்டு முறை பொறுப்பான். மூன்றாவது முறை அவனும் இடிப்பான், இல்லாவிட்டால் போய்விடுவான். போகிறவர்கள் எப்போதும் நன்றாக ஓட்டுகிறவர்கள் என்பதுதான் வேடிக்கை.

இடிக்கிறவர்கள் எல்லாரும் கெட்டவர்களும் இல்லை. சர்வரோடு மல்லுக்கட்டிப் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மணிக்கு 200 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு விநாடிக்குச் சுமார் 55 மீட்டர் நகரும். உங்கள் வீட்டிலிருந்து சர்வருக்கும், அங்கிருந்து என் வீட்டுக்கும் தகவல் வந்து சேர 150 மில்லிவிநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் உங்கள் கார் 8 மீட்டர் போயிருக்கும், கிட்டத்தட்ட இரண்டு கார் நீளம். ஆக, என் திரையில் நான் பார்ப்பது நீங்கள் இருந்த இடம். இருக்கிற இடம் இல்லை. இதைச் சரிக்கட்ட, நீங்கள் இப்போது எங்கே இருப்பீர்கள் என்று மென்பொருள் ஊகித்து வரைகிறது. நேர் ரோட்டில் ஊகம் பலிக்கும். வளைவில் நீங்கள் சட்டென்று பிரேக் பிடித்தால் பொய்த்துவிடும். அப்போது என் திரையில் நீங்கள் என்னை இடித்திருப்பீர்கள். உங்கள் திரையில் நமக்கு நடுவே ஒரு அடி இடைவெளி இருந்திருக்கும். இரண்டு பேரும் சத்தியம் செய்யலாம், இரண்டும் உண்மைதான்.

இந்தச் சிக்கலுக்கு 2003-இல் வந்த டிராக்மேனியா கொங்கு நாட்டு வழியைக் கையாண்டது. எல்லாரும் ஒரே தடத்தில் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், ஆனால் ஒரு கார் இன்னொரு காருக்குள் ஆவி மாதிரி புகுந்து போய்விடும். நேரம் மட்டுமே கணக்கு.

எல்கை வழியில் போனது ஐரேசிங். பந்தய சிமுலேஷன்களுக்குப் பேர்போன பேப்பிரஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் கேமரும், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர்களில் ஒருவரான ஜான் ஹென்றியும் சேர்ந்து உருவாக்கி, 2008-இல் வெளிவந்தது. அதில் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, சொந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும்; புனைபெயர் கிடையாது. மைக்செட்டில் பெயர் கூவுகிற அதே தந்திரம். இன்னொன்று, பாதுகாப்பு ரேட்டிங். தடத்தை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4. இத்தனை வளைவுகளுக்கு இத்தனை புள்ளி என்று சராசரி எடுத்து லைசென்ஸ் தருவார்கள். கற்றுக்குட்டி நிலையிலிருந்து டி, சி, பி, ஏ என்று ஏற வேண்டும். வேகத்துக்கு வேறு ரேட்டிங் உண்டு. எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், இடித்துக்கொண்டே இருந்தால் மேல் வகுப்பு கார் கிடைக்காது.

இதில் எல்லாருக்கும் கோபம் வருகிற இடம், அந்த 4 புள்ளி இரண்டு பேருக்கும் விழும் என்பது. இடித்தவனுக்கும் இடிபட்டவனுக்கும். பின்னால் வந்து ஒருவன் மோதினால் எனக்கு ஏன் தண்டம்? வேண்டுமென்றே செய்ததாகத் தோன்றினால் ரீப்ளேயை அனுப்பிப் புகார் கொடுக்கலாம், அதை மனிதர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் மென்பொருள் மட்டும் யார் மேல் தப்பு என்று சொல்லாது. உங்கள் பக்கத்தில் எத்தனை மோதல் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

முதலில் எனக்கும் இது அநியாயமாகத்தான் பட்டது. இப்போது, இருப்பதில் இதுதான் யோக்கியமான ஏற்பாடு என்று நினைக்கிறேன். ஏனென்றால் தப்பு யார் மேல் என்று தேடத் தொடங்கினால், அது பெரும்பாலும் கீழே இருப்பவன் தலையில்தான் போய் நிற்கும்.

2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர், அப்போது ஹெச்ஆர்டி அணியில் இருந்தார். களத்தில் மிக மெதுவான கார்களில் ஒன்று. மழையும் வெயிலுமாக நடந்த அந்த ரேஸில் இரண்டு முன்னாள் இந்நாள் சாம்பியன்கள் அவரோடு உரசினார்கள். முதலில் 2009 சாம்பியன் ஜென்சன் பட்டன். அவருடைய கார் கார்த்திகேயனின் காரில் மோதி முன் இறக்கை உடைந்தது. தப்பு என்னுடையதுதான் என்று பட்டன் ஒப்புக்கொண்டார், விஷயம் முடிந்தது. ரேஸ் முடியும் தறுவாயில், 2010, 2011 சாம்பியன் செபாஸ்டியன் வெட்டல். ஒரு சுற்று பின்தங்கியிருந்த கார்த்திகேயனைக் கடந்துவிட்டு அவருக்கு முன்னால் வந்தபோது உரசி, வெட்டலின் பின் டயர் கிழிந்தது. நான்காவது இடத்தில் இருந்தவர் 11-ஆவதாக முடித்தார், ஒரு பாயிண்ட்கூட இல்லை. கோபத்தில் நடுவிரலைக் காட்டினார். இந்த மாதிரி ஓட்டுகிறவர்களை வெள்ளரிக்காய் என்றார். ஜெர்மன் பேச்சில் அது வசவு. தான் ஒதுங்கித்தான் இருந்தேன், வெட்டல்தான் வெட்டிக்கொண்டு வந்தார் என்பது கார்த்திகேயனின் கட்சி. நடுவர்கள் கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டனை கொடுத்தார்கள்.

வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் என்னால் முழுப் பழியையும் ஒரு பக்கம் வைக்க முடியவில்லை. நான் தமிழன் என்பதால் அப்படித் தெரிகிறது என்று நீங்கள் சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே மோதல் ஐரேசிங்கில் நடந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஆளுக்கு 4. சாம்பியனுக்கும் 4, வெள்ளரிக்காய்க்கும் 4.

உராய்வு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு வேறு நினைவு வரும். பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் மறுநாள் பேப்பரில் காரணம் அநேகமாக அந்த ஒரு சொல்தான். மருந்து கலக்கும்போது உராய்வு. யார் கை? பெரும்பாலும் இறந்துபோனவர் கை. விளையாட்டையும் உயிரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. விதி எப்படிச் சிந்திக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி வேண்டும் என்கிற விதிகளுக்கு யார் கை தவறியது என்பதில் அக்கறை கிடையாது. கை தவறத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு, தவறினால் எத்தனை பேர் பக்கத்தில் இருப்பார்கள் என்று எண்ணுகின்றன. தீபாவளி நெருங்கி, ஆலை உள்குத்தகைக்குப் போய், அறைக்குள் ஆள் கூடும்போது அந்த எண்ணிக்கைதான் முதலில் காணாமல் போகிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரு கை உராய்ந்ததால் மட்டும் அத்தனை பேர் சாக முடியாது.

எண்ணுவதோடு நிற்காமல் தீர்ப்பும் சொல்லிப் பார்த்தது கிரான் டுரிஸ்மோ ஸ்போர்ட். 2017 அக்டோபரில் வந்தது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ-வோடு கூட்டு வைத்து நடத்திய கேம். ஓட்டும் திறமைக்கு ஒரு எழுத்து, பண்புக்கு ஒரு எழுத்து. போட்டிப் பிரிவுக்குள் நுழைவதற்கு முன்னால், எப்படி முந்த வேண்டும், எப்படி இடம் விட வேண்டும் என்று சொல்லும் இரண்டு சின்ன வீடியோக்களைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. இது எனக்குப் பிடித்த விஷயம். நமக்கு யாரும் அப்படி உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் மோதலில் யாருக்குத் தண்டனை என்பதையும் மென்பொருளே கணிக்கத் தொடங்கியதும், இடிபட்டவனுக்கே தண்டனை விழுந்தது என்ற புலம்பல் ஓயவில்லை. விதியையே ஆயுதமாக்குகிறவர்களும் கிளம்பினார்கள்: பின்னால் வருபவன் வந்து மோதட்டும் என்று வேண்டாத இடத்தில் பிரேக் பிடிப்பது.

2020 கொரோனா நாட்களில் நிஜப் பந்தயக்காரர்களே வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஓட்டினார்கள். இனி பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தால், நடந்தது வேறு. மே மாதம் ஐரேசிங்கில் நடந்த இண்டிகார் தொடரின் கடைசி ரேஸில், முந்தைய ஆண்டு இண்டியானாபோலிஸ் 500-ஐ நிஜமாகவே வென்ற சிமோன் பாஜெனோ, முன்னிலையில் இருந்த லாண்டோ நாரிஸின் வழியில் வேகத்தைக் குறைத்தார். நாரிஸ் போய் மோதினார். நாரிஸைத் தூக்கப்போகிறோம் என்று பாஜெனோ பேசியது அவருடைய நேரலையிலேயே கேட்டது. அதே மாதம் ஃபார்முலா ஈ நடத்திய ஆன்லைன் ரேஸில் டேனியல் ஆப்ட் தன் பெயரில் ஒரு தொழில்முறை கேமரை ஓட்டவைத்துப் பிடிபட்டார். 10,000 யூரோ அபராதம் தர்ம காரியத்துக்குப் போனது, ஆடி அணி அவரை விலக்கியது. சொந்தப் பெயர், தெரிந்த முகம், நிஜ லைசென்ஸ் எல்லாம் இருந்தும் இந்தக் கூத்து. அடுத்த வாரம் அதே லாபியில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். எல்கைக்காரனுக்கு அந்தக் கட்டாயம் உண்டு.

நிஜப் பந்தயமும் இதற்குள் எண்ணத் தொடங்கியிருந்தது. ஐரேசிங் வந்து ஆறு ஆண்டு கழித்து, 2014-இல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் லைசென்ஸுக்குத் தண்டனைப் புள்ளிகள் வந்தன. 12 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் ஒரு ரேஸ் தடை. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு: யார் மேல் தப்பு என்று நடுவர் முடிவு செய்த பிறகுதான் இங்கே புள்ளி. பத்து ஆண்டுகள் யாருக்கும் 12 சேரவில்லை. 2024 செப்டம்பர் 1, மோன்சாவில் கெவின் மேக்னுசனுக்குச் சேர்ந்தது. பியர் காஸ்லியின் காரோடு லேசாக ஒரு உரசல், 2 புள்ளி, அதோடு கணக்கு நிறைந்து அடுத்த பாக்கு ரேஸில் வெளியே உட்கார்ந்தார். ரேஸ் முடிந்ததும் காஸ்லியிடம் கேட்டார்கள். அது ஒன்றுமே இல்லை, இதற்கெல்லாமா தண்டனை என்று இடிபட்டவரே ஆச்சரியப்பட்டார். புள்ளி அப்படியே இருந்தது.