வாய்வழி ஈஸ்ட்ரோஜனும் கல்லீரலும்: ஒரு மருந்து வரலாறு

ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவின் மீது காளமேகப் புலவர் பாடிய உலா உட்பட, உலா நூல்கள் பெண்டிர் பருவங்களைப் பேரிளம்பெண்ணோடு நிறுத்துகின்றன. அப்பருவத்திற்குப் பரவலாகக் கூறப்படும் மேல் எல்லை 40 வயது. இந்தியப் பெண்டிர்க்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் நாற்பதுகளின் பிற்பாதியில். இலக்கியம் பெயரிடாது விட்ட இப்பருவத்திற்கென இருபதாம் நூற்றாண்டு மருத்துவம் ஒரு மாத்திரையைக் கொணர்ந்தது.

1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனான்ட்டும் ஈஸ்ட்ரோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். ஆயின் முட்டைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரடையாலை விழுங்கினால் பயன் மிகக் குறைவு. குடற்சுவரும் கல்லீரலும் அதன் பெரும்பகுதியை ஈஸ்ட்ரோனாகவும் அதன் சல்பேட்டாகவும் மாற்றிவிடும். மாறாது குருதியை எட்டுவது ஏறத்தாழ 5 விழுக்காடே. பித்தநீரோடு குடலுக்கு வரும் கழிபொருளின் ஒரு பகுதியை நுண்ணுயிரிகள் பிரிக்க, அது மீண்டும் உறிஞ்சப்படுகிறது.

இத்தடையைக் கடக்கும் முயற்சியே இம்மருந்தின் வரலாறு எனலாம். 1938இல் இன்ஹோஃபனும் ஹோல்வெக்கும் எத்தினைல் தொகுதியைச் சேர்த்து, கல்லீரல் எளிதில் சிதைக்காத எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை உருவாக்கினர். 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த பிரெமரின், சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெற்ற சல்பேட்டுக் கலவை. நுண்துகளாக்கிய ஈஸ்ட்ரடையால் பின்னரே வந்தது.

தடையைக் கடந்ததற்கு விலையும் இருந்தது. குடலிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலில் செறிவாகச் சேர்வதால், அது உறைவுக் காரணிகள், டிரைகிளிசரைடு, பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதம் ஆகியவற்றை மிகுதியாக்குகிறது. தோல்வழிப் பட்டையோ நேரே குருதியில் கலப்பதால் இத்தாக்கம் குறைவு.

2002இல் இடைநிறுத்தப்பட்ட அமெரிக்கப் பெண்கள் நலமுனைப்பு ஆய்வில் 16,608 பேர் பங்கேற்றனர். அவர்தம் சராசரி வயது 63. அங்குச் சோதிக்கப்பட்டது பிரெமரினும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. செய்தித்தாள்களோ அதனை ஹார்மோன் சிகிச்சை முழுமைக்குமான தீர்ப்பாக்கின. அடுத்த ஆண்டே பிரெஞ்சு எஸ்தர் ஆய்வு, சிரைக் குருதியுறைவு இடர் வாய்வழியில் ஏறத்தாழ மூன்றரை மடங்கென்றும் தோல்வழியில் அவ்வுயர்வு இல்லை என்றும் காட்டியது. வழியைக் குறிக்காத ‘ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை’ என்னும் தமிழ்ச் சொல்லும் இவ்வேறுபாட்டை மறைக்கிறது. திருச்சிராப்பள்ளியில் நாற்பத்தாறு வயதில் மருத்துவரை நாடும் பெண்ணுக்கு அந்த 63 வயதுச் சராசரியின் முடிவை அப்படியே பொருத்துதல் தகாது.