மூணு வயசு வகுப்பு, 40 வயசில் குறைந்த கைதுகள்: அமெரிக்காவின் பெர்ரி ஆய்வில் என்ன நடந்தது?

இளைஞர்கள் குற்ற வழக்குகளில் சிக்கினால், 'தண்டனையைக் கடுமையாக்குங்க' என்ற குரல்தான் முதலில் எழும். குற்றம் நடக்கும் முன்பே, அதுவும் மூணு வயசிலேயே ஏதாவது செய்ய முடியுமா? இந்தக் கேள்வி வந்தாலே நிபுணர்கள் கைகாட்டுவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள இப்சிலாண்டி நகரைத்தான்.

அங்கே 1962-ல் டேவிட் வைகார்ட் என்பவர் பெர்ரி தொடக்கப் பள்ளியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். குற்றத்தைத் தடுப்பது அவரது நோக்கமே இல்லை. ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் படிப்பில் பின்தங்குவதைத் தடுக்க முடியுமா என்றுதான் பார்த்தார்.

என்ன செய்தார்கள்?

மொத்தம் 123 குழந்தைகள். அதில் 58 பேருக்கு மட்டும் வகுப்பு. மீதி 65 பேர் ஒப்பீட்டுக்கு. வார நாட்களில் காலையில் இரண்டரை மணி நேரம். 'இன்னைக்கு என்ன செய்யப் போறே?' என்று குழந்தையே திட்டமிடணும், செய்யணும், முடிந்ததும் அதைப் பற்றிப் பேசணும். அதோடு வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய் அம்மாவுடனும் குழந்தையுடனும் உட்காருவார். பலரும் கவனிக்காமல் விடுவது இந்த வீட்டு வருகையைத்தான்.

முதலில் ஐக்யூ மளமளவென ஏறியது. ஆனால் எட்டு வயசுக்குள் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லாமல் போனது. அத்தோடு நிறுத்தியிருந்தால் 'திட்டம் ஃபெயில்' என்று ஃபைலை மூடியிருப்பார்கள்.

ஆய்வாளர்கள் விடவில்லை. அவர்களுக்கு 40 வயசாகும் வரை பின்தொடர்ந்தார்கள். ஐந்து முறை அல்லது அதற்கு மேல் கைதானவர்கள் வகுப்புக்குப் போகாதவர்களில் 55%, போனவர்களில் 36%. செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சமூகத்துக்குச் சுமார் 13 டாலர் மிச்சம் என்று கணக்கிட்டார்கள். அதில் பெரும்பகுதி குற்றம் குறைந்ததால் வந்த மிச்சம். நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் ஜேம்ஸ் ஹெக்மேன் குழு, வருடத்துக்கு 7 முதல் 10% லாபம் என்று அடக்கமாகவே சொன்னது.

புத்திசாலித்தனம் கூடவில்லை, பிறகு எப்படி? பொறுமை, கோபத்தை அடக்குவது, எடுத்த வேலையை முடிப்பது போன்ற குணங்கள்தான் காரணம் என்கிறது ஹெக்மேன் குழு.

அப்போ எல்லா ப்ரீ-ஸ்கூலும் இப்படித்தானா?

இல்லை. இது 123 பேரை மட்டுமே வைத்து நடந்த சின்ன ஆய்வு. வகுப்புக்குப் போனவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் பலமுறை கைதானதை மறக்கக் கூடாது. டென்னசி மாநில அரசின் ப்ரீ-ஸ்கூல் திட்டத்தை ஆராய்ந்து 2022-ல் வெளியான பெரிய ஆய்வு இன்னும் நெருடலானது. அங்கே சேர்ந்த குழந்தைகள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, சேராதவர்களைவிட மார்க்கில் பின்தங்கியிருந்தார்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதிகம் ஆளாகியிருந்தார்கள்.