மால்பும் வழியும்

சுரக்குடியில் மலை இல்லை. காரைக்காலைச் சூழ்ந்த வயல்வெளி முழுவதும் அவ்வாறே. வேலிப்புதரில் கொம்புத்தேனும் மரப்பொந்தில் பொந்துத்தேனும் இம்மண்ணின் மக்கள் அறிந்தவை. கோபுர மாடத்தில் மலைத்தேனீ வந்து அடை வைப்பதும் உண்டு. ஆனால் செங்குத்தான பாறைமுகத்தில் அடையடையாகத் தொங்கும் தேனை இங்குள்ளோர் ஏட்டில்தான் கண்டனர். அந்த ஏடு அச்சேறியதும் காவிரிச் சமவெளியில் வாழ்ந்த ஒருவர் உழைப்பாலேயே. உ.வே.சாமிநாதையர் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த காலத்தில் பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் வெளிவந்தன. குறிஞ்சியின் தேன் நெல்வயல்களின் நடுவே பதிப்பிக்கப்பட்டது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம் 583 அடிகளால் ஆன வழிநூல். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறார். பிற ஆற்றுப்படைகளில் வள்ளலின் பெருமை மேலோங்கும். இதிலோ காலடியும் கவனமுமே மேலோங்குகின்றன. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, புனங்காப்போர் வீசும் கவண்கல்லுக்கு எவ்வாறு ஒதுங்குவது என்றெல்லாம் புலவர் எச்சரிக்கிறார். வழிகள் பிரியுமிடத்தில், பின்வருவோர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் கூறுகிறார். நடந்து பழகிய ஒருவரிடம் கேட்டறியாமல் இத்தகைய செய்தியை எழுத இயலாது.

அவ்வழியில்தான் தேனடை வருகிறது. ஆண்குரங்கும் ஏறமாட்டாது கைசோர்ந்து நிற்கும் நெடிய பாறை. அதில் நிறுத்திய ‘மால்பு’. அதுவே வழியாகத் தேன் கொள்ளும் குறவர். மால்பு என்பதற்குக் கண்ணேணி என்று பொருள் கொள்வர். மூங்கிலின் கணுக்களே படிகளாக அமைந்த ஏணி அது. கபிலரும் பாரியின் மலையை மால்புடையது என்றே பாடினார். வழிநூலில் ஏணியும் ஒரு வழியாகிவிடுவது எத்துணைப் பொருத்தம்!

இத்தொழில் தமிழ்நிலத்துக்கு மட்டும் உரியதன்று. நடுநிலக்கடல் நாடாகிய ஸ்பெயினில், வாலென்சியாப் பகுதியின் பீக்கோர்ப்பு என்னும் ஊரருகே உள்ள அரான்யா குகையில், கொடியையோ கயிற்றையோ பற்றி ஏறி நிற்கும் ஓர் உருவமும் சுற்றிப் பறக்கும் தேனீக்களும் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னர்த் தீட்டப்பட்டுள்ளன. அவ்வட்டாரப் பாறை ஓவியங்கள் 1998இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. அங்கு ஓவியமாக எஞ்சியது நீலகிரியில் தொழிலாகவே தொடர்ந்தது. காட்டுக் கொடிகளை முறுக்கிய ஏணியில் குறும்பர் பாறையில் இறங்குவர்; மேலே ஏணியைக் காப்பவர் நம்பிக்கைக்குரிய உறவினர். 1993இல் தோன்றி, கோத்தகிரியை இடமாகக் கொண்ட கீஸ்டோன் அறக்கட்டளை இத்தேன் எடுப்போரிடையே பணியாற்றி வருகிறது.

இம்மலைவழக்கு, புறநானூற்றின் 109ஆம் பாட்டில் உள்ள ஓர் ஐயத்தையும் தெளிவிக்கக்கூடும். மூவேந்தர் முற்றிய பறம்புக்கு உழாமல் விளையும் பயன்கள் நான்கு எனக் கபிலர் எண்ணுகிறார்: மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். தேனைக் கூறுமிடத்து ‘ஓரி’ பாய்ந்ததால் அடையின் மேற்புறம் சிதைந்து ஒழுகியது என்கிறார். ஓரி என்பது முதிர்ந்த தேனில் பரக்கும் நீலநிறம் என்றும், முசு என்னும் குரங்கு என்றும் இருபொருள்படும். குரங்கு தாவி அடையைச் சிதைத்தது என்பது கேட்பதற்கு இனிய காட்சியே. ஆனால் மலைத்தேனீயின் அடை மறைவின்றித் தொங்குவது. அதன்மேல் ஈக்கள் திரைபோல் மொய்த்திருக்கும். சீண்டியவரைக் கூட்டமாகத் துரத்தும். அன்றியும், குரங்கே கைசோர்ந்த பாறை என்று மலைபடுகடாம் தானே கூறுகிறது! அவ்வடையில் தேன் சேர்வது மேற்பகுதியில். புழுக்கள் வளர்வது கீழே. மேற்புறம் அழிந்து தேன் ஒழுகிற்று எனக் கபிலர் இடம் சுட்டியது அடையின் அமைப்போடு இயைகிறது. எனவே, நிறம் என்ற பொருளே வலிமையுடையது. நிறம் என்று கொள்ளும்போது தேன் தானே முதிர்ந்து தானே சொரிகிறது; உழவன் வேண்டாத மலைக்குக் குரங்கும் வேண்டாதாகிறது. முற்றுகையிட்டு நின்ற வேந்தர் மூவருக்கும் கபிலர் உணர்த்த விரும்பியது அதுவே.