உலோகப் புகை

கொதிக்கும் உலோகத்திலிருந்து எழும் ஆவி, சுற்றியுள்ள குளிர்ந்த வளியில் சட்டென்று உறைந்து மிதக்கும் நுண்துகள் கூட்டமே உலோகப் புகை. இதைப் பற்றிய பழைய குறிப்புகள் பெரும்பாலும் துத்தநாகத்தைச் சார்ந்தவை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடீஸ், செம்பு உலையின் கூரையிலும் சுவரிலும் கம்பளித் திரள்போல் ஒட்டும் வெண்பொருளை மருந்துகளில் ஒன்றாக விவரித்தார். ராஜஸ்தானின் ஜாவரில் இடைக்காலத்தில் அதே துத்தநாக ஆவியை வேறு வழியில் பிடித்தார்கள். கத்தரிக்காய் வடிவ மண் வாலைகளை, ஓர் உலைக்கு 36 என்ற கணக்கில், தலைகீழாக அடுக்கிக் காய்ச்சினார்கள். ஆவி காற்றுப்படாமல் கீழே இறங்கி, துத்தநாகத்தின் உருகுநிலையான 419 பாகை செல்சியசுக்கு மேலேயே இருந்த கலத்தின் சுவரில் நீர்மமாகப் படிந்தது. ஒரே ஆவி ஓரிடத்தில் புகையாகவும் மற்றோரிடத்தில் உலோகமாகவும் முடிந்ததற்குக் காரணம், அது குளிர்ந்த விதம்தான்.

பித்தளை உருகும் மூசையின் மேல் எழும் வெண்புகை துத்தநாக ஆக்சைடு. ஆகவே உலோகப் புகை எரிதலின் விளைவே என்று சிலர் வாதிடுவர். இது போதாத விளக்கம். துத்தநாகம் 907 பாகையில் கொதிக்கிறது. ஆக்சைடோ அந்த வெப்பத்தில் ஆவியாவதே இல்லை. முதலில் மேலெழுவது உலோக ஆவி. ஆக்சிஜன் அதை ஆவியாக நிற்க முடியாத பொருளாக மாற்றி, உறைதலை விரைவுபடுத்துகிறது. ஆக்சிஜன் இல்லாமலும் புகை உண்டாகும் என்பதற்கு 1963இல் ஜப்பானில் கிமோட்டோ, உயேடா குழுவினர் செய்த ஆய்வு சான்று. குறைந்த அழுத்த ஆர்கானில் உலோகங்களை ஆவியாக்கி, படிந்த துகள்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆர்கான் அணுக்களில் மோதி வெப்பத்தை இழந்த ஆவி, வெப்ப மூலத்தை விட்டுச் சற்று விலகியதுமே மிகைச்செறிவடைந்து கருக்களாகிவிடுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் துகள் பெரிதாகிறது. ஹீலியத்துக்குப் பதில் கனமான ஆர்கானைச் செலுத்தினாலும் அப்படியே. ஆவி கலைந்துபோகாமல் ஓரிடத்தில் அடர்ந்து நிற்பதே காரணம்.

அணு அணுவாகச் சேர்ந்துதான் துகள் வளர்கிறது என்ற கருத்தும் உண்டு. தெளிவான பட்டைகளுடன் கிடைக்கும் தனிப்படிகங்களை அதற்கு ஆதாரம் காட்டுவர். கரு உண்டான முதல் கணங்களுக்கு அது பொருந்தும். ஆனால் 1976இல் ஆய்வாளர்கள் கிரான்க்விஸ்ட், பூர்மன் இருவரும் அளந்த துகள்களின் விட்டங்கள் மடக்கை இயல்நிலைப் பரவலில் அமைந்தன. மோதி ஒன்றாகும் துளிகளில் எதிர்பார்க்கத்தக்க பரவல் அது. ஆகவே இறுதி அளவைத் தீர்மானிப்பது மோதல்தான். துகள்கள் கெட்டியான பிறகு மோதினால் உருகி ஒன்றாவதில்லை. சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. 1930இல் ஆய்வாளர் பிஃபண்ட் உருவாக்கிய பிஸ்மத் கரும்படலம் ஒளியை விழுங்குவது இந்த இடைவெளி மிகுந்த அமைப்பால்தான்.

உலோகத்தை வளியில் ஆவியாக்கி உறையவைக்கும் முறை இன்று நுண்பொடித் தயாரிப்பிலும் பயன்படுகிறது. இதே வகையில் உண்டாகும் வெல்டிங் புகையோ 2017இல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்க்கப்பட்டது.