கண்ணியும் துவக்கும்: கரைவாகு வட்டையில் யார் வேட்டைக்காரன், யார் கள்ளன்?

'ஸ்னைப்பர்' என்ற சொல்லை யுத்தம் எங்கட சனத்துக்கு நல்லாப் பழக்கி விட்டுப் போயிருக்கு. ஆனா அந்தச் சொல் ஒரு பறவையில இருந்து வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மாரி தொடங்கினா எங்கட வயல் வரம்புகளில வந்து இறங்குற உள்ளானுக்கு இங்கிலீசில 'ஸ்னைப்' என்று பேர். 18ஆம் நூற்றாண்டில இந்தியாவுக்கு வந்த பிரிட்டிஷ் பட்டாளத்து அதிகாரிகள் பொழுதுபோக்குக்கு உள்ளான் சுட்டார்கள். சேற்று நிறத்தில் சேற்றோடு ஒட்டிக் கிடக்கும் பறவை, மிதிக்கும் தூரத்துக்குப் போனால்தான் திடீரென்று எழும்பும். அதைச் சுட்டு விழுத்துறவனுக்குக் குறி தப்பாத கை வேணும். அப்படிப்பட்டவனைத்தான் முதலில் 'ஸ்னைப்பர்' என்றார்கள். பிறகு அந்தச் சொல் மனிதனைச் சுடுகிறவனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பறவையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அதை ஒருத்தர் துவக்கால் சுட்டபோது 'விளையாட்டு' என்றும், இன்னொருத்தர் கண்ணி வைத்துப் பிடித்தபோது 'களவு' என்றும் ஆன கதையைப் பற்றியது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்துப் பொடியன்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேணும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இன்றைக்கும் வட்டைக்குள் வலை கட்டுற ஆக்களிடம் சட்டம் என்று கதைத்தால், "இது எங்கட மூத்தவாப்பா காலத்து வேலை, ஆருடா சட்டம் போட்டது?" என்ற கேள்விதான் முதல்ல வரும். அது நியாயமான கேள்வி. அதற்கு வரலாற்றில் பதில் இருக்கு.

வட்டைக்குள் இருந்த தொழில்நுட்பம்

உள்ளான் ஊர்ப்பறவை இல்லை. சைபீரியப் பக்கத்தில் குஞ்சு பொரித்து, குளிருக்குப் பயந்து தெற்கே வருகிறது. செப்டம்பர், ஒக்டோபரில் வந்து இறங்கி ஏப்ரல் அளவில் திரும்பிப் போகும். எங்கட பெரும்போக வெள்ளாண்மையின் காலமும் கிட்டத்தட்ட அதுதான். விதைப்புக்கு வயல் சேறாகும்போது உள்ளான் வரும், அறுவடை முடிந்து நிலம் காயும்போது போகும். அதோட கானாங்கோழி, காடை, தாரா, உள்ளே காட்டோரத்துக்குப் போனால் காட்டுக்கோழி. போடியாரின் வயலைக் காவல் காத்து வாடியில் கிடக்கிறவனுக்கு இறைச்சி கிடைக்கிற வழி இதுதான்.

பிடிக்கிற முறைகளைப் பாருங்கள். உள்ளானும் கானாங்கோழியும் காடையும் இரை தேடும்போது பறக்கிறதை விட நடக்கிறது அதிகம். அதனால் வரம்போரம் குச்சிகளைக் குத்திச் சின்ன வேலி மாதிரி கட்டுவார்கள். இடைக்கிடை ஒரு பறவை நுழையும் அளவுக்கு வாசல் விடுவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண்ணி. மாட்டு வால் முடி, குதிரை முடி போன்றவற்றை முறுக்கிச் செய்த சுருக்கு அது. வேலியைத் தாண்டிப் பறக்கத் தோன்றாமல் பறவை வாசலுக்குள் காலை வைக்கும், சுருக்கு இறுகும். பிற்காலத்தில் முடியின் இடத்தைத் தங்கூசி பிடித்துக் கொண்டது.

சின்னப் பறவைகளுக்கு ஆலம்பால், பலாப்பால் காய்ச்சின பிசினைக் கொம்பில் பூசுவார்கள். பழக்கிய பறவையைக் கூட்டில் வைத்துக் கத்த விட்டு, அதன் இனத்தை வரவழைக்கிற முறையும் தமிழர்களுக்கு மிகப் பழசு. அந்தப் பழக்கிய பறவைக்கோ மானுக்கோ சங்க இலக்கியத்தில் 'பார்வை' என்றே பேர் இருக்கிறது. இரவில் வெளிச்சத்தைக் காட்டிப் பறவையைத் திகைக்க வைத்துப் பிடிப்பதும் பல நாடுகளில் உள்ள முறைதான்.

சுருக்குப் போடுவது எங்கட பக்கத்துக்குச் சின்ன விசயம் இல்லை. 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், தோலால் திரித்த கயிற்றை யானையின் காலில் மாட்டிப் பிடிக்கும் 'பணிக்கர்'களைப் பற்றி வியந்து எழுதுகிறார். அவர்கள் முஸ்லிம்கள் என்றும் குறிப்பிடுகிறார். கிழக்கில் பணிக்கர் என்ற பேர் இன்னும் மறையவில்லை. யானையில் இருந்து காடை வரைக்கும் ஒரே அறிவுதான்: மிருகம் எந்த வழியால் நடக்கும், எந்த இடத்தில் காலை வைக்கும் என்று தெரிந்திருக்க வேணும்.

ஏன் காலில் சுருக்கு?

எங்கட ஊர்களில் இந்த முறைகளுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும். கழுத்து நெரிபட்டுச் செத்ததையும் அடிபட்டுச் செத்ததையும் அல்-மாயிதா அத்தியாயம் ஹராம் என்கிறது. பறவை உயிரோட கைக்கு வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தால்தான் சாப்பிடலாம். கண்ணி கழுத்தில் விழுந்து பறவை செத்துப் போனால் வேலை வீண். ஆகவே சுருக்கு காலைப் பிடிக்க வேணும், வைத்தவன் பக்கத்தில் காத்திருக்க வேணும், அடிக்கடி போய்ப் பார்க்க வேணும். கவணால் அடித்து விழுத்தினாலும் உயிர் போகுமுன் ஓடிப்போய் அறுக்க வேணும். துவக்குச் சன்னத்தில் செத்த பறவையைப் பற்றி உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

இதனால் ஒரு அளவு தானாக வந்தது. ஒரு மனிதன் காத்திருக்கக் கூடிய கண்ணிகளின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அந்தக் காலத்து ஆக்கள் எல்லாரும் இயற்கையைக் காதலித்தார்கள் என்று நான் சொல்ல வரல்ல. குளிரூட்டி இல்லை, ரோடு இல்லை, வாங்க ஆள் இல்லை. பிடித்ததை அன்றைக்கே தின்ன வேணும்.

துரைமாரின் சட்டம்

இப்போ துவக்குப் பக்கத்துக்கு வருவோம். சாமுவேல் பேக்கர் 1854இல் எழுதிய வேட்டைப் புத்தகத்தை யாராவது வாசித்தால் தெரியும், இலங்கைக் காடுகளில் யானைகளைச் சுட்டுத் தள்ளுவது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று. உள்ளான் சுடுவதும் அப்படி ஒரு பெருமைதான். சுட்டதை ஜோடி ஜோடியாக எண்ணி, இத்தனை ஜோடி என்று எழுதி வைப்பார்கள்.

மிருகங்கள் குறையத் தொடங்கின பிறகு 1872இலும் 1891இலும் 1909இலும் கட்டளைச் சட்டங்கள் வந்தன. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. அதைத் தொடங்கின ஆக்களில் அனேகர் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரும் அதிகாரிகளும். வேட்டையை நிறுத்துறது அவர்கள் நோக்கம் இல்லை. வேட்டையாட மிருகம் மிஞ்சியிருக்க வேணும் என்பதுதான் நோக்கம். இறைச்சிக்கும் தோலுக்கும் கொன்று வியாபாரம் செய்கிற ஊராக்கள்தான் அவர்களுடைய கண்ணில் குற்றவாளிகள். லைசன்ஸ் எடுத்துத் துவக்கோடு போறவர் 'ஸ்போர்ட்ஸ்மன்'. வாடியில் கிடந்து கண்ணி வைக்கிறவன் கள்ளன். 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் கேட்டது. அந்தப் பத்திரம் போடியாருக்குக் கிடைக்கலாம், வயற்காவலாளிக்கு எங்கே கிடைக்கும்?

அந்தக் காலத்தில் எல்லாத் துரைமாரும் பறவையைக் குறியாக மட்டும் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேணும். பீரங்கிப் படை அதிகாரியாக இங்கே இருந்த வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை வெளியிட்ட பெரிய நூலில் இலங்கைப் பறவைகளின் சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் சேர்த்துப் பதிந்தார். அந்தப் பெயர்களை அவருக்குச் சொன்னது ஊராக்கள்தானே.

பாதுகாப்பு என்றாலே வெள்ளைக்காரன் மேலிருந்து போட்ட சட்டம் என்றும் நினைக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் என்று ஒரு ஊர். அங்கே ஏரியில் கூடு கட்டும் பறவைகளைப் பட்டாளத்துக்காரர் சுட்டபோது, ஊர்ச்சனமே கலெக்டரிடம் போய் முறையிட்டது. 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்தில் உரிமை கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம் என்று அந்த விவசாயிகளுக்குத் தெரியும். அங்கே துவக்குக்காரன்தான் குற்றவாளி, ஊர்தான் காவல்.

1937க்குப் பிறகு

இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிற சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். 1938 மார்ச் 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. அதே வருசம் எங்கட மாவட்டத்தின் தென்கோடியில் குமண பறவைகள் சரணாலயமானது. 1949இல் வனஜீவராசிகள் திணைக்களம் உருவானது. சட்டம் பல தடவை திருத்தப்பட்டது. அதில் 1993, 2009 திருத்தங்கள் முக்கியமானவை.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: அட்டவணையில் விலக்கு அளித்த மிகச் சில பறவைகளைத் தவிர, காட்டில், வயலில், குளத்தில் உள்ள எல்லாப் பறவையும் பாதுகாக்கப்பட்டது. சுடுவது மட்டுமில்லை, கண்ணியாலோ வலையாலோ பிடிப்பதும் குற்றம். முட்டை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் குற்றம். உள்ளானும் கானாங்கோழியும் தாராவும் அதற்குள் அடங்கும். காட்டுக்கோழி இந்த நாட்டில் மட்டுமே உள்ள இனம், தேசியப் பறவையும் கூட.

முக்கியமான மாற்றத்தைக் கவனியுங்கள். துரைமாரின் சட்டம் கேட்டது 'உன்னிடம் லைசன்ஸ் இருக்கா?' என்று. இன்றைய சட்டத்தில் துவக்குக்காரனும் கண்ணிக்காரனும் ஒன்றுதான். பழைய அநியாயத்தைக் காட்டி இன்றைய சட்டத்தைத் தள்ளுறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை.

வயலும் மாறிவிட்டது. 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. காடு வயலாச்சு, கரும்புத் தோட்டமாச்சு. 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா வந்தது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. கரையோரத்தில் சனம் நெருங்கி நெருங்கி, சுனாமிக்குப் பிறகு கரைவாகு வட்டையிலயே வீடுகள் எழும்பின. பறவை இறங்க இருந்த சேறு சுருங்கிப் போச்சு.

கருவியும் மாறிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத நைலோன் வலையை அந்தியில் பறவை பறக்கும் பாதையில் கட்டினால், ஒரு மனிதன் வீட்டில் படுத்துக் கிடக்க, விடியுமுன் கூட்டமே மாட்டிக் கிடக்கும். அதில் உள்ளான் எது, ஆந்தை எது, குஞ்சுக்கு இரை கொண்டு போற தாய் எது என்று வலைக்குத் தெரியாது. பாதி விடியும்போதே செத்திருக்கும். அதை ஹலால் என்று யார் சொல்லுவார்? மூத்தவாப்பாவின் கண்ணிக்கு இருந்த எல்லைகளில் ஒன்றுகூட இந்த வலைக்கு இல்லை. பரம்பரை என்ற பேரை மட்டும் இது கடன் வாங்கியிருக்கு.

"மார்க்கத்தில் ஆகுமானது" என்ற வாதத்துக்கும் பதில் அங்கேயே இருக்கு. ஒரு பறவையின் இறைச்சி ஹலால் என்பது அதைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கான விடை. அதை எந்தக் காலத்திலும் எத்தனை வேணுமென்றாலும் பிடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. இஹ்ராமில் இருக்கிறவருக்கு அதே பறவையை வேட்டையாடத் தடை. உயிருள்ளதைக் கட்டி வைத்துக் குறி பார்த்துப் பழகுவதை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ் மத்ரஸாவில் ஓதின எல்லாருக்கும் தெரியும்.

சட்டத்தின் மேல் எனக்கும் கேள்வி இருக்கு. அக்கரைப்பற்றுக்கு உள்ளே அளிக்கம்பையில் குடியேறியிருக்கும் வனக்குறவர் மாதிரி, வேட்டையை நம்பி வாழ்ந்த ஏழைச் சனத்திடம் 'இது குற்றம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, பிழைக்க வேற வழி காட்டாமல் விடுவது நியாயமில்லை. வலைக்காரனைப் பிடிக்கிற அதே ஆர்வம், வயலையும் களப்போரத்தையும் மண் போட்டு நிரப்புற பணக்காரரிடமும் இருக்க வேணும். நிரப்பின வட்டையில் அடுத்த மாரிக்கு எந்த உள்ளானும் இறங்காது. அதற்குக் கண்ணியும் தேவையில்லை, துவக்கும் தேவையில்லை.

எங்கட தலைமுறையால் செய்யக் கூடியது ஒன்று இருக்கு. கண்ணி வைத்த கைகள் இன்னும் ஊரில் இருக்கின்றன. எந்தப் பறவை எந்த மாசம் வரும், எந்த வரம்பால் நடக்கும், எங்கே கூடு வைக்கும் என்ற அறிவு அந்த ஆக்களிடம்தான் இருக்கு. போய் இருந்து, கேட்டு, எழுதி வைப்போம். பறவைகளின் பெயர்களை, எங்கட ஊர்ப் பேச்சில் இருக்கிற மாதிரியே. லெக் என்ற பட்டாளத்துக்காரன் 140 வருசத்துக்கு முந்தி அதைச் செய்துவிட்டுப் போயிருக்கான். நாங்கள் இன்னும் தொடங்கவேயில்லை.